பிடிஎஃப்பில் பெயர்களை மறைக்கக் கருப்புக் கட்டம் போதுமா?

தும்பி:
ஒரு ஆவணத்தைப் பொதுவில் பகிர வேண்டும். அதிலுள்ள பெயர்களும் போன் நம்பர்களும் தெரியக் கூடாது. பிடிஎஃப் வியூவரிலேயே அந்த வரிகள் மேல் கருப்புக் கட்டம் வரைந்து சேமித்திருக்கிறேன். எக்ஸிஃப்டூல் (கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தகவல்களைப் பார்க்கவும் அழிக்கவும் உதவும் டூல்) ஓட்டி ஆசிரியர் பெயர், தேதி எல்லாம் அழித்தாயிற்று. இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா? லினக்ஸ், திறமூல மென்பொருள் மட்டும்.

கரையான்:
முதலில் ஒரு சோதனை. கோப்பைத் திறந்து கண்ட்ரோல்-ஏ, கண்ட்ரோல்-சி அடித்து, டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டுங்கள். மறைத்த பெயர்கள் வந்து விழும். கட்டம் மேலேதான் இருக்கிறது. எழுத்து அடியில் அப்படியே கிடக்கிறது.

லிப்ரே ஆஃபீஸ் 6.3 முதல் இதற்கென்றே ‘ரிடாக்ட்’ (மறைத்து நீக்கும் வசதி) இருக்கிறது. அதன் வரைபடச் செயலியான ட்ராவில் கோப்பைத் திறந்து டூல்ஸ் மெனுவுக்குப் போங்கள். பக்கங்கள் படமாக மாறி வரும். வேண்டிய இடத்தில் செவ்வகம் இழுங்கள். இந்த நிலையில் செவ்வகம் அரைகுறையாகச் சாம்பல் நிறத்தில் தெரியும், சரிபார்ப்பதற்காக. முடிந்ததும் கருப்பு நிற ‘ரிடாக்டட் எக்ஸ்போர்ட்’ கொடுத்தால்தான் உண்மையில் மறையும். சாம்பல் நிற முன்னோட்டப் பிரதியை அனுப்பிவிட்டால் அவ்வளவுதான்.

செவ்வகத்தைப் பெயரின் நீளத்துக்கே போடாதீர்கள். நாலைந்து பேர் உள்ள பட்டியல் என்றால் நீளத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். வரி முழுக்க இழுங்கள். எழுத்தைக் கட்டம் கட்டமாகக் கலங்கலாக்கும் மொசைக் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து எழுத்தை மீட்க ‘டீபிக்ஸ்’ போன்ற டூல்கள் உண்டு.

வெட்டுக்கிளி:
எக்ஸிஃப்டூல் விஷயத்தையும் யாராவது சொல்ல வேண்டும். ஜேபெக் படங்களில் அது நிஜமாகவே அழிக்கும். பிடிஎஃப்பில் பழைய தகவலைத் தொடாமல் கோப்பின் கடைசியில் ஒரு திருத்தத்தை மட்டும் சேர்க்கும், அதைத் திரும்ப எடுத்துவிடலாம். அதன் ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. பிறகு கியூபிடிஎஃப் என்ற பிடிஎஃப் டூலில் ‘லீனியரைஸ்’ கொடுத்து, கோப்பைப் புதிதாக எழுத வைத்தால் பழைய தகவல் போகும். அல்லது நேராக மேட்2 என்ற தகவல் நீக்கும் டூலை ஓட்டுங்கள்: பக்கங்களைப் படமாக்கி, ‘க்ளீன்டு’ என்று பெயரில் சேர்த்துப் புதுக் கோப்பு தரும். கோப்பின் அளவு கூடும், எழுத்தைத் தேடவும் முடியாது, அது நல்லதுதான்.

நாடோடி:
இவ்வளவு எதற்கு? பிரிண்ட் எடுத்து மார்க்கரால் அடித்து ஸ்கேன் பண்ணுங்கள்.

கரையான்:
@நாடோடி, அதில் வேறு வம்பு. கலர் லேசர் பிரிண்டர்கள் பலவும் பக்கம் முழுக்கக் கண்ணுக்கு எட்டாத மஞ்சள் புள்ளிகளை அச்சிடும். ஜெராக்ஸின் டாக்குகலர் வகைப் பிரிண்டர்களின் புள்ளிகளை 2005-இல் இஎஃப்எஃப் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு படித்துக் காட்டியது: பிரிண்டரின் சீரியல் எண், தேதி, நேரம். மார்க்கர் மையும் ஸ்கேனில் முழுக்கக் கருக்காது. கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் அடி எழுத்து எட்டிப் பார்க்கும்.

@தும்பி, கடைசியாக, கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். யார் வெளியிட்டார் என்று கண்டுபிடிப்பதற்காக, ஆவணம் தந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சொல், ஓர் இடைவெளி மாற்றிப் பிரதி கொடுத்திருந்தால் அதை மேட்2 ஒன்றும் செய்யாது. இன்னொருவரின் பிரதி கிடைத்தால் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் கோப்பைப் பகிராமல் விஷயத்தை மட்டும் சொந்த நடையில் எழுதிக் கொடுங்கள்.