உளுந்து முளைத்த பத்தாம் நாள் கருகுகிறது: களைக்கொல்லி மிச்சமா?

குறிஞ்சிப்பாடிக்காரன்:
வணக்கம். ஒரு காணி குத்தகைக்கு எடுத்து உளுந்து விதைத்தேன். முளைப்பு அருமை. பத்து நாள் கழித்து அடி இலை ஓரம் மஞ்சளாகி, அப்புறம் தீய்ந்த மாதிரி காய்கிறது. மருந்துக் கடையில் தேமல் நோய் என்று, அதைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மருந்து கொடுத்தார்கள். அடித்தும் பலனில்லை. முன்பு அங்கே கட்டைக்கரும்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க விடும் கரும்பு). சரியாகத் துளிர்க்கவில்லை என்று நிலத்துக்காரர் உழுதுவிட்டார்.

கெடிலக்கரை:
தம்பி, கொழுந்து எப்படி இருக்கிறது? மஞ்சள் தேமல் இளம் இலையில் திட்டுத் திட்டாகத் தொடங்கும். இரும்புச்சத்துக் குறை என்றாலும் கொழுந்துதான் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கரும்புக்கு என்ன களைக்கொல்லி, எப்போது அடித்தார் என்று கேளுங்கள்.

குறிஞ்சிப்பாடிக்காரன்:
கொழுந்து நன்றாக இருக்கிறது அண்ணா. அட்ரசினாம், இரண்டரை மாதம் முன்பு. அதற்கப்புறம் மழையே இல்லை. வரப்போரம், மருந்தடிக்கும் டேங்க்கோடு திரும்பும் இடத்தில்தான் ரொம்ப மோசம்.

கெடிலக்கரை:
அப்போ அதுவேதான். திரும்பும் இடத்தில் இரண்டு முறை விழுந்திருக்கும். அட்ரசின் முளைப்பைத் தடுக்காது, ஒளிச்சேர்க்கையைத்தான் நிறுத்தும். விதையில் இருந்த சத்து தீர்ந்ததும் செடி படுத்துவிடும். பாதி சிதையவே சுமார் 2 மாதம் ஆகும். மண் காய்ந்தோ களராகவோ (காரத்தன்மை கூடியதாகவோ) இருந்தால் இன்னும் இழுக்கும்.

பாகூர் அக்கா:
ஜீவாமிர்தம் (சாணம், கோமியம் ஊறவைத்த கரைசல்) விட்டு, மடக்கி உழும் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை போடுங்கள் தம்பி.

கெடிலக்கரை:
நுண்ணுயிர்தான் இதைச் சிதைக்கும், அதனால் மட்கிய தொழுவுரமும் ஈரமும் உதவும் அக்கா. ஆனால் சணப்பைக்கும் உளுந்துக்கு வந்த கதிதான் வரும். மக்காச்சோளம் ஊன்றட்டும். அட்ரசினைத் தனக்குள்ளேயே செயலிழக்கச் செய்துவிடும். அந்தப் பயிருக்கே இந்த மருந்தை அடிப்பது அதனால்தான்.

தம்பி, மறுபடி உளுந்து போடுமுன் தொட்டியில் பாருங்கள். வரப்போரம், நடுவயல், மருந்தே படாத இடம் என மூன்று மண்ணையும் அரை அடி ஆழம்வரை தனித்தனியாக எடுங்கள். மூன்றிலும் உளுந்து போட்டு வெயிலில் 3 வாரம் வையுங்கள். நிழலில் வைத்தால் சேதம் சரியாகத் தெரியாது.

பாகூர் அக்கா:
கரித்தூள் கலந்தால்?

கெடிலக்கரை:
கிளர்வூட்டிய கரி மருந்தைப் பிடித்துக்கொள்ளும். நாற்றங்காலுக்குச் சரி, ஒரு காணிக்குக் கட்டுப்படியாகாது.

குறிஞ்சிப்பாடிக்காரன்:
3 வாரம் ஆயிற்று. வரப்போர மண்ணில் 12ஆம் நாளே ஓரம் மஞ்சள். நடுவயல் மண்ணில் லேசாகத்தான், மூன்றாவது தொட்டியில் ஒன்றுமில்லை. நடுவில் நிற்கும் உளுந்து தேறும் போலிருக்கிறது, விட்டுவைத்தேன். வரப்போரம் சுற்றிலும் மக்காச்சோளம் ஊன்றியாயிற்று. வெள்ளை ஈ மருந்துக்குக் கொடுத்த பணம்தான் தண்டம்.