மண் ஈரமாக இருந்தும் லாவெண்டர் வாடுகிறது – காப்பாற்ற முடியுமா?

கேள்வி:
10 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் லாவெண்டர் இருக்கிறது. கலவையில் பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மீதி மண்புழு உரமும் தோட்ட மண்ணும் சமமாக. தினமும் காலையில் தண்ணீர். வெயில் 4 மணி நேரம் கிடைக்கும். அடி இலைகள் மஞ்சளாகி, பழுப்பாகி உதிர்கின்றன. நுனிகள் தொங்குகின்றன. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.

பதில் 1:
ஈர மண்ணில் செடி வாடினால் முதல் சந்தேகம் வேரழுகல்தாங்க. காற்றில்லாமல் வேர் செத்துப்போனால், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதை உறிஞ்ச ஆள் இல்லை. வாட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஊற்றாதீங்க.

செடியை மெல்லக் கவிழ்த்து வேரைப் பாருங்க. வெளிறிய நிறத்தில் இறுக்கமாக இருந்தால் நல்ல வேர். கறுத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். அதைச் சுத்தமான கத்தரியால் நறுக்கி எறியுங்க.

புதுக் கலவை: பருமணலோ பெர்லைட்டோ (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) 5 பங்கு, தோட்ட மண் 4, மக்கிய உரம் 1. கோகோபீட் வேண்டவே வேண்டாம், ஈரத்தை விடாது. மண்ணின் அமில-கார அளவு (பிஎச்) 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. சுட்ட மண் தொட்டி, மிஞ்சிய வேர்க்கட்டிக்கு 2 அங்குலம் மட்டும் பெரிதாக. அடியில் ஜல்லி பரப்பினால் வடிகால் கூடும் என்பார்கள், அப்படி நடக்காது. ஜல்லிக்கு மேலேயே ஈரம் தேங்கும். அந்த ஜல்லியை மேல்மண்ணில் பரப்புங்க, அடித்தண்டு உலர்ந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்:
வேரில் பாதி கறுப்பு, பாதி நன்றாக இருக்கிறது. அடித்தண்டு கெட்டியாகத்தான் இருக்கிறது. தரையோடு வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்க்குமா?

பதில் 2:
வெட்டாதீங்க! இலையில்லாத பழைய மரத்தண்டிலிருந்து லாவெண்டர் துளிர்ப்பது அபூர்வம். பச்சைப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுங்க. ஒவ்வொரு கிளையிலும் சில ஜோடி இலையாவது மிஞ்சணும்.

வெட்டியதில் பூக்காத, வாடாத நுனிகள் இருந்தால் வீணாக்க வேண்டாம். 8–10 செ.மீ. நீளம், கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு ஈர மணலில் குத்தி வையுங்க. பாலித்தீன் பையால் இறுக்கி மூடினால் சாம்பல் இலை அழுகிவிடும். சாதாரணமாக 3 முதல் 6 வாரத்தில் வேர் விடும். தாய்ச்செடி போனாலும் இது கையில் இருக்கும்.

இலை விளிம்பையும் பாருங்க. பல் பல்லாக இருந்தால் பெரும்பாலும் டென்டாட்டா வகை, புழுக்கத்தை ஓரளவு தாங்கும். விளிம்பு வழவழப்பாக, இலை ஒல்லியாக இருந்தால் அங்குஸ்டிஃபோலியாவாக இருக்கலாம். அதற்குக் குளிர் வேணும், சூடும் ஈரக்காற்றும் சேர்ந்தால் திணறும். காற்றோட்டம் உள்ள இடமாகப் பார்த்து வையுங்க.

பதில் 1:
நட்டதும் ஒருமுறை தண்ணீர் விட்டு, ஒரு வாரம் வெளிச்சமான நிழல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 6–8 மணி நேர வெயிலுக்கு மாற்றுங்க. விரலை 5 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்க, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் அடியில் வழியும் வரை. புதுத்துளிர் வரும்வரை உரம் கூடாது. அதன் பிறகும் தழைச்சத்து கூடினால் தண்டு நீண்டு சரியும், பூ குறையும்.