பழைய லேத்தில் காய்ந்துபோன பிசுக்கை எதைப் போட்டுக் கழுவுவது?

சாட்ஸ்வொர்த் பையன்:
மாமா தவறிய பிறகு அவருடைய மைஃபோர்ட் எம்எல்7 லேத், அதாவது இரும்பைக் கடையும் மெஷின், என் வீட்டுக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. டர்பன் உப்புக்காற்றுக்குத் துருவேறிப் போயிருக்கும் என்று நினைத்தேன், ஆனால் பெட் என்கிற நீளமான அடிப்பாகம் முழுக்கக் காய்ந்த வெல்லப்பாகு மாதிரி ஒரு பழுப்புப் பிசுக்கு, நகத்தால் கீறிப் பார்த்தால் அடியில் இரும்பு பளபளவென்று இருக்கிறது. அண்ணன் பெட்ரோல் ஊற்றித் துடைத்துவிடு என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அடுப்பு கழுவும் ஸ்ப்ரேதான் வேண்டும் என்கிறார். கராஜிலேயேதான் துணி காயவைக்கும் மெஷினும் ஓடுகிறது. எது ஆபத்தில்லாதது?

பழைய ஃபிட்டர், ஜேக்கப்ஸ்:
தம்பி, பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அது மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் பற்றிக்கொள்கிற அளவுக்கு ஆவி விடும், அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாக ஊர்ந்து போய் உங்கள் துணி மெஷின் மோட்டாரில் ஒரு பொறி கிடைத்தால் போதும். பாரஃபின் வாங்குங்கள், ஊரில் மண்ணெண்ணெய் என்பார்களே அதுதான். அது ஆவியாகிப் பற்ற 38 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் ஜனவரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு வந்துவிடும், அதனால் கதவைத் திறந்துவைத்துக் காலையிலேயே வேலையை முடியுங்கள்.

பிரஷ்ஷால் தடவி அரைமணி நேரம் ஊறவிட்டு, பழைய பேங்க் கார்டால் வழித்தால் பாளம் பாளமாக வரும். பெல்ட்டை முதலிலேயே கழற்றிவிடுங்கள், எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பும். காற்றழுத்தத்தால் ஊதாதீர்கள், இரும்புப் பிசிறெல்லாம் பேரிங்குக்குள் போய் உட்காரும்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
அந்த அடுப்பு ஸ்ப்ரேயால் நான் சூடுபட்டவள். அதில் காஸ்டிக் சோடா. என் ட்ரில் மெஷினின் அலுமினியப் புல்லியில் அடித்தேன், புஸ்ஸென்று நுரைத்துப் பத்து நிமிஷத்தில் கறுத்துப் போய்விட்டது. கிளம்பியது ஹைட்ரஜன் என்று அப்புறம்தான் தெரிந்தது. பெயிண்டையும் உரித்துவிடும், கண்ணில் பட்டால் கண்ணே போகும். பாரஃபினுக்கு அசையாத இடத்தில் மட்டும் துணியில் ஊதா மெத்ஸ், அதாவது கடையில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட், நனைத்துத் துடையுங்கள், அதுவும் பற்றும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் ஒரு மூலையில் பெயிண்ட் கரைகிறதா பாருங்கள். கையுறை நைட்ரைல்தான், சமையலறை மெல்லிசு உறை தாங்காது.

சாட்ஸ்வொர்த் பையன்:
பேக்கியில், அதாவது என் பிக்கப் வண்டியில், ஒரு டின் பிரேக் கிளீனர் கிடக்கிறது. சக்கின், அதாவது கடையும் இரும்பைப் பிடிக்கும் பாகத்தின், உள்பக்கத்துக்கு அடிக்கலாமா?

பழைய ஃபிட்டர், ஜேக்கப்ஸ்:
டின்னைத் திருப்பிப் படியுங்கள். டெட்ராகுளோரோஎத்திலீன் மாதிரி குளோரின் சேர்ந்த பேர் இருந்தால் எடுத்து வையுங்கள். அது பட்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் வாயு வரும், முதல் உலகப்போரில் சண்டைக்குப் பயன்படுத்திய அதே வாயு. குளோரின் இல்லாதது பெட்ரோல் மாதிரிதான் பற்றும். சக்குக்குப் பாரஃபினில் ஓர் இரவு ஊறல் போதும், அவசரம் என்ன? இன்னொன்று, அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்த சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள். முடித்ததும் அன்றைக்கே 68ஆம் நம்பர் ஸ்லைட்வே எண்ணெய் (சறுக்கும் பாகங்களுக்கான மெஷின் எண்ணெய்) பூசிவிடுங்கள், கழுவிய இரும்பை டர்பன் காற்று ஒரு ராத்திரி கூட விட்டுவைக்காது.

சாட்ஸ்வொர்த் பையன்:
நன்றி ஐயா, அக்கா. சனிக்கிழமை ஒன்றரை லிட்டர் பாரஃபினில் பெட்டும் அதன்மேல் நகரும் சேடிலும் முடிந்தது. டயலில் எண்கள் தெரிகின்றன. லேத்தின் கடைசி முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கின் அடியில் மாமா பென்சிலால் எழுதிய ஏதோ கணக்கு இருந்தது, அதை மட்டும் துடைக்காமல் விட்டுவிட்டேன்.