லீ என்ஃபீல்டில் எந்த வருஷத்தை நம்புவது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

லெஸ்டர்வாசி:
லீ என்ஃபீல்ட் நம்பர் 4, அதாவது இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள், தெரிந்தவர்கள்தான் இங்கே, நேரே விஷயத்துக்கு வருகிறேன். பர்மிங்காம் பக்கம் ஒரு பழைய ராணுவச் சாமான் சந்தை. சுட முடியாதபடி செயலிழக்கச் செய்த துப்பாக்கி ஒன்றைக் காட்டி, "உலகப் போரில் நார்மண்டியில் இறங்கியது, 1943 பாருங்க" என்று கடைக்காரர் ஒரு பெரியவரிடம் அளந்துகொண்டிருந்தார். எம்47சி, 1943 என்று குத்தியிருந்தது உண்மைதான், எம்47சி என்றால் பி.எஸ்.ஏ. கம்பெனியின் ஷெர்லி ஆலையில் செய்தது. ஆனால் ரிசீவரின், அதாவது குழலுக்குப் பின்னால் உள்ள உலோக உடலின், இடப்பக்கம் எலக்ட்ரிக் பென்சிலால் கீறிய எழுத்து, சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்: மார்க் 1/2, எஃப், எஃப்.டி.ஆர்., 53. அதாவது 53ல் லிவர்பூல் ஃபஸாக்கர்லி ஆலைக்குப் (எஃப்) போய் முழுசாகப் பிரித்துச் செப்பனிடப்பட்டு (எஃப்.டி.ஆர்.), விசையை ரிசீவரிலேயே தொங்கவிட்டு (மார்க் 1/2) வந்த சரக்கு. சொன்னேன். பெரியவர் கீறலை விரலால் தடவினார். "அப்படியா, ரொம்ப நல்லது, எங்கப்பா கொரியா போனவர்" என்றார். 53 ஜூலையில் அங்கே சண்டையே நின்றுபோச்சே என்று நான் வாயெடுப்பதற்குள் பணம் கைமாறிவிட்டது. விலை ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை.

ஸ்கார்பரோ_தம்பி:
அண்ணே, செப்பனிட்டால் போலியாகிவிடுமா? உடல் 43ல் செய்ததுதானே. நார்மண்டி போகவில்லை என்று மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்? என்னுடையதைக் கேளுங்க. எல்லை தாண்டி அமெரிக்காவில் ஒரு கண்காட்சி, மேசைமேல் ஜங்கிள் கார்பைன், அதாவது நம்பர் 5 என்னும் குட்டை ரகம், முனையில் புனல் மாதிரி கூம்பு, பின்கட்டையில் ரப்பர், எல்லாம் கச்சிதம். மேல் மரத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். குழல் தொடங்கும் இடத்தில் எடை குறைக்கக் குடைந்த பள்ளம் இருக்க வேண்டும், இதில் மொழுமொழுவென்று இருந்தது. திருப்பினால் இடப்பக்கம் "யு.எஸ். ப்ராபர்ட்டி"! நம்பர் 5 செய்ததே ஃபஸாக்கர்லியும் ஷெர்லியும்தான். அமெரிக்காவின் சாவேஜ் கம்பெனி செய்த நம்பர் 4-ஐ யாரோ அறுத்திருக்கிறார்கள். "அது ரொம்ப அபூர்வமான ரகம்" என்கிறார் மனுஷன், கண் சிமிட்டாமல்.

பழைய_இரும்பு:
டி.பி. குத்தியதை, அதாவது டிரில்லுக்கு மட்டும் ஒதுக்கியதை, சுடலாம் என்று என் தலையில் கட்டப் பார்த்தார்கள், வந்துவிட்டேன். அது கிடக்கட்டும், யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை, அதன் கைப்பிடியின் பின்பக்க எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். குழலில் "18.5 டன்" என்றிருந்தால் அது ராணுவ முத்திரை இல்லை, வெளியே விற்கும்போது போட்ட பரிசோதனை முத்திரை. "இங்கிலாந்து" என்று குத்தியிருந்தால் ஏற்றுமதிச் சரக்கு. இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதி நின்றால் ராணுவம் கைகழுவியது என்று அர்த்தம். எண் யு.எஃப். 55 என்று தொடங்கினால் 1955, ஃபஸாக்கர்லி, பின்னால் வந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளில் யு.இ. வந்தால் என்ஃபீல்ட், யு.பி. வந்தால் பி.எஸ்.ஏ. அப்புறம், பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாளை எடுக்காதீர்கள். பென்சில் கீறல் ஆழமே கிடையாது, இரண்டு இழுப்பில் போய்விடும்.

லெஸ்டர்வாசி:
தம்பி, நார்மண்டி போகவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? மார்க் 1/2 போகவில்லை என்றேன்.