விடியற்காலை இரண்டு மணிக்கு ஐஸ் ஹாக்கி எங்கே பார்க்கலாம்?

வணக்கம் உறவுகளே. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறேன். தங்கை மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஐஸ் ஹாக்கிப் பைத்தியம். கோலாலம்பூர் வெயிலில் இப்படியும் ஒரு பைத்தியம்! 2025 உலகச் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா கூடுதல் நேரத்தில் 1-0 என்று சுவிட்சர்லாந்தை வென்றதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. காலிறுதியில் கனடாவை டென்மார்க் கவிழ்த்த கதையைப் பத்து முறை கேட்டுவிட்டேன்.

2026 போட்டி மே மாதம் சுவிட்சர்லாந்தில். ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே இரவு எட்டு என்றால் நமக்கு விடியற்காலை இரண்டு. அந்நேரம் திறந்திருக்கும் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) எதிலாவது இதைத் திரையிடுவார்களா? கால்பந்தைத் தவிர வேறு எதையும் போட்டு நான் பார்த்ததில்லை. வீட்டிலேயே முறைப்படி பார்க்க வழியிருந்தாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று. வாடகைச் சறுக்குக் காலணி அணிந்து பையனின் குதிகால் முழுக்கக் கொப்புளம். உங்கள் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன காலணி, 37 அளவில் இருந்தால் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். தலைக்கவசமும் வேண்டும். 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியின் ஐஸ் ஹாக்கி நடந்த எம்பயர் சிட்டி அரங்கில் சிறுவர்களுக்குப் பயிற்சி உண்டா? பிள்ளைகளை அனுப்பியவர்கள் கட்டண விவரத்தோடு எழுதுங்கள். தங்கையிடம் நான்தான் பேச வேண்டும்.