புதுப்பிப்பு: நிக்கான் டி90-ஐ மாற்றவில்லை, லென்ஸை மாற்றினேன்

மண்டபத்துக்குள் படங்கள் கலங்கி வருகின்றன, 2008-இல் வந்த டி90 கேமராவை விற்றுவிட்டு நிக்கானின் டி5600 வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) அப்புறம், முதலில் 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸ் போட்டுப் பாருங்கள்" என்றாரே ஒருவர், அதுதான் பலித்தது. பழைய லென்ஸ் ஒன்று கைமாறி வாங்கினேன். தங்கை வளைகாப்பில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600 வைத்தேன். கேமராவோடு வந்த கிட் லென்ஸில் எஃப்/5.6 (எஃப் எண் குறைந்தால் லென்ஸ் திறப்பு பெரிதாகும், வெளிச்சம் கூடும்), ஷட்டர் வேகம் 1/30 நொடி என்று திணறிய இடத்தில், இதில் எஃப்/2, 1/250 நொடி கிடைத்தது. வளையல் அடுக்கும் கைகூடக் கலங்கவில்லை. டி90-இன் 12 மெகாபிக்சல் போதுமா என்ற கவலையும் வீண். 12×8 அங்குல பிரிண்ட் சுத்தமாக வந்தது.

எதிர்பாராதது இரண்டு. மாட்டியவுடன் திரையில் 'எஃப்ஈஈ' என்று மின்னியது, ஷட்டர் அசையவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். லென்ஸிலுள்ள அப்பர்ச்சர் (ஒளித் திறப்பு) வளையத்தை 22-க்குத் திருப்பிப் பூட்டினால் சரியாகிவிடும். இரண்டாவது, இந்த 'டி' வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் ஃபோகஸ் செய்கிறது. டி90-இல் அது உண்டு, டி5600-இல் இல்லை. நல்லவேளை, அவசரப்பட்டு விற்கவில்லை!

ஒரே குறை: டி90-இன் சிறிய சென்சாரில் 50 எம்எம் லென்ஸ், 75 எம்எம் போல நெருக்கமாகத் தெரிகிறது. குரூப் போட்டோவுக்குச் சுவர் வரை பின்னால் போக வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் கிட் லென்ஸையே மாட்டிக்கொண்டேன்.