[கலைச்சொல்] 'ரிமோட் பேஷண்ட் மானிட்டரிங்': திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

அனைவருக்கும் வணக்கம். இங்கே ஒரு மருத்துவமனைக்காக ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரஷர் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே அளக்கும் கருவி கொடுக்கிறார்கள். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால், அளவு செல்போன் வழியாக மருத்துவமனைக்குப் போய்விடும். கூடுதலாக இருந்தால் செவிலியர் கூப்பிடுவார், தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையை மாற்றுவார். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்கிற அலைச்சல் குறையும். ஆங்கிலத்தில் 'ரிமோட் பேஷண்ட் மானிட்டரிங்' என்கிற இந்த ஏற்பாட்டுக்கு 'தொலைநிலை நோயாளர் கண்காணிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். ஆகவே சொல் சரியாக அமைய வேண்டும். திங்கட்கிழமை அச்சு.

தமிழாசிரியர் (ஓய்வு), மேலூர்:

'கண்காணிப்பு' நல்ல சொல்தான். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர் கண்காணி. திருமூலர் 'கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார், கண்காணி இல்லா இடமில்லை' என்று இறைவனையே கண்காணி என்கிறார். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனபின்தான் அது கூலியாட்களை வேலை வாங்கும் கங்காணி ஆகிக் கெட்ட பெயர் வாங்கியது. எனக்கு உறுத்துவது 'தொலைநிலை'. தொலை என்றால் அழிதலும் உண்டு. நோயாளியிடம் சொல்லும் சொல்லா அது? தூரத்துக்குச் சேய்மை, சேண் என்று பழஞ்சொற்கள் இருக்கின்றன. அதோடு தொலைக்காட்சியில் ஒற்று மிகுகிறது, தொலைபேசியில் மிகவில்லை. இந்தச் சிக்கலை இன்னொரு சொல்லுக்கும் ஏற்ற வேண்டுமா?

மென்பொருள் எழுதுபவர், மதுரை:

ஐயா, தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநகல் எல்லாம் நிலைத்துவிட்டன. சேண் என்றால் யாருக்குத் தெரியும்? அளவை அனுப்பும் செல்போன் செயலியில் இந்தப் பெயர் வரும் பொத்தானுக்கு இரண்டு சொல் அளவுதான் இடம். 'மானிட்டரிங்' என்றே வைத்துவிடலாம் என்பது என் கருத்து. வார்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

செவிலியர், உசிலம்பட்டி:

தம்பி, வார்டில் சொல்வது நாங்கள். படிவத்தில் கைநாட்டு வைப்பது அவர்கள்.

போன வாரம் ஒரு பாட்டிக்குப் பட்டையைச் சுற்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு, இந்தப் படிவத்தின் வரைவை வாசித்துக் காட்டினேன். 'உங்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்க' என்ற இடம் வந்ததும் பட்டையோடு கையை இழுத்துக்கொண்டார். "என்னைய எதுக்குத்தா கண்காணிக்கணும்? நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்றார். மேலூர் ஐயா திருமூலரைச் சொன்னீர்கள். அந்தப் பாட்டிலும் கண்காணி இருப்பது கள்ளத்தைப் பிடிக்கத்தானே?

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு கனமும் உண்டு. சில சாதிகளில் பிறந்தவர்களையே குற்றவாளிகளாகப் பதிவு செய்த வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920இல் இங்கே பெருங்காமநல்லூரில் போலீசார் சுட்டார்கள். ராத்திரிச் சீட்டு வாங்காமல் வெளியூர் போக முடியாமல் இருந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் என் நோயாளிகள். அவர்களிடம் போய்க் கைநாட்டும் கேட்டு, கண்காணிப்போம் என்றும் எழுதலாமா?

தமிழாசிரியர், மேலூர்:

அம்மா சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் குறளுக்கே போவோம். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில், உற்றவன் (நோயாளி), தீர்ப்பான் (மருத்துவர்), மருந்து இவற்றோடு நாலாவதாக 'உழைச்செல்வான்' வருகிறார். உழை என்றால் பக்கம். அருகிருந்து பார்த்துக்கொள்பவர். தொலைவிலிருந்தே அருகிருப்பதால் 'சேணுழைமை' என்று ஆக்கலாம். அதற்கு முந்தைய குறள் 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்' என்கிறது. உங்கள் கருவி அனுப்புவதும் இந்த மூன்றைத்தானே? யாருடைய அளவு, எவ்வளவு, எப்போது.

மென்பொருள் எழுதுபவர்:

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் படிப்பவர்கள் 'உழைப்பு' என்றுதான் நினைப்பார்கள்.

மருத்துவர், தேனி:

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் வந்தது. அந்தப் பெயரை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யார் யாரைத் தேடி வருகிறார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. அதுபோல 'தொலைக் கவனிப்பு' என்று வையுங்கள். அம்மாவை நல்லா கவனிச்சுக்கோ என்கிறோமே, அந்தக் கவனிப்பு.

மென்பொருள் எழுதுபவர்:

'ஆளைக் கொஞ்சம் கவனிங்க' என்றால் ஆபீசில் லஞ்சம், டாக்டர். போலீஸ் ஸ்டேஷனில் அடி.

தமிழாசிரியர், மேலூர்:

பேணல்! 'தொலைப்பேணல்'. அடியும் இல்லை, லஞ்சமும் இல்லை.

செவிலியர், உசிலம்பட்டி:

பேணல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கவனிப்பு, பேணல் எதை வைத்தாலும் ஒரு ஆபத்து இருக்கிறது. எந்நேரமும் ஒருவர் திரைமுன் உட்கார்ந்திருப்பார் என்று அந்தச் சொற்கள் வாக்குக் கொடுக்கின்றன. நடப்பு அப்படி இல்லை. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை திறந்து பார்ப்பேன். நடுராத்திரி 190 என்று அளவு வந்தால் அது விடியும்வரை கணினியில்தான் கிடக்கும். 'நம்மள ஆஸ்பத்திரியில பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க' என்று நம்பி, நெஞ்சுவலியோடு ஒருவர் வீட்டிலேயே படுத்திருந்தால்? கருவி செய்வது அளந்து அனுப்புவது. 'வீட்டு அளவீடு' என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

மருத்துவர், தேனி:

அளவீட்டோடு நின்றுவிட்டால் அது வெறும் கருவி விற்பனை. அளவைப் பார்த்து மாத்திரையை மாற்றுவதுதான் சிகிச்சை. அது பெயரில் இல்லாவிட்டால் நாளைக்கு ஆள் போடாமல் கருவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் சொல்லும் ஆபத்தைப் பெயரில் தீர்க்க முடியாது, படிவத்தில் எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் 'தொலைக் கவனிப்பு' பக்கம்தான் ஆள் அதிகம். அதையே வைக்கிறேன். 'கண்காணிப்பு' படிவத்தில் எங்கேயும் இல்லை, எடுத்துவிட்டேன். உசிலம்பட்டி அம்மா சொன்னதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் சேர்த்திருக்கிறேன்: 'நீங்கள் அனுப்பும் அளவை நாங்கள் காலையிலும் மாலையிலும் மட்டுமே பார்ப்போம். நெஞ்சுவலி, மயக்கம், கைகால் இழுத்தல், வாய் கோணல் இருந்தால் எங்கள் அழைப்புக்குக் காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.'

செவிலியர், உசிலம்பட்டி:

நன்றி. பெயரில் இன்னும் எனக்கு உடன்பாடு இல்லை. பாட்டியிடம் 'வீட்டு அளவு' என்றுதான் சொல்லப்போகிறேன்.

தமிழாசிரியர், மேலூர்:

தொலைப்பேணலைக் கலைச்சொல் பட்டியலிலாவது ஏற்றுங்கள். ஒற்றோடு.